சிறிய வீட்டுக்கு ஏற்றது

சித்தூர்
11.8.1996

அன்புள்ள சம்பந்தி நாகபூஷணம் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். பிரசவத்துக்கு நகரி வந்த மருமகள் யமுனாவும் பேத்தி பிரித்திகாவும் நலமாக இருப்பதாக மகன் சாய்குமார் சொன்னான். குழந்தைக்கு என் மூக்கு வாய்த்திருக்கிறது என்றும் சொன்னான். வளர வளரச் சரியாகிவிடும் என்று தங்கள் வீட்டம்மாவிடம் சொல்லவும்.

இக்கடிதம் ஒரு சிறு விஷயத்தில் தங்கள் கருத்தை அறிவதற்காக மட்டுமே. திருப்பதியில் சாய்குமார் குடியிருக்கும் அபார்ட்மெண்டைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியேற வேண்டிய ஒரு சமையலறை. துணி என்று ஒன்று உலகில் இருப்பதையே கட்டியவர் மறந்துவிட்டார். துவைக்கிற கல் கிடையாது. மொட்டை மாடியில் துவைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கைக்குழந்தை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

நாட்டின் கதவைத் திறந்துவிட்ட பிறகு எல்லாமே கிடைக்கிறது. முன்பு வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டில் மட்டும் இருந்த வாஷிங் மெஷின், இன்று சித்தூர்க் கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதில் செமி ஆட்டோமேட்டிக், ஃபுல்லி ஆட்டோமேட்டிக் என இரண்டு வகை. சிறிய வீட்டுக்கு ஏற்றது எது என்பதே கேள்வி. குளியலறைச் சுவரோரம் இரண்டடி இடம் இருக்கிறது. நானே டேப் பிடித்து அளந்தேன்.

தவறாக எண்ண வேண்டாம். நிச்சயதார்த்தத்தன்று சபையில் நான் சொன்னது நினைவிருக்கும்: பெண்ணைத் தவிர ஒரு துரும்பும் வேண்டாம். வரதட்சணை ஒழிப்பு பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் நான் ஆற்றிய உரை அச்சாகித் தங்களுக்கும் ஒரு பிரதி தந்திருக்கிறேன். அக்கொள்கையில் இம்மியும் மாற்றமில்லை. தேர்வு பற்றி மட்டுமே கேட்கிறேன்.

வசதி அமைந்ததும் யமுனாவை அழைத்துவர நாள் பார்க்கலாம்.

தங்கள் அன்புள்ள,
சி. தாமோதரன்
கண்காணிப்பாளர் (ஓய்வு)


நகரி
25.8.1996

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு நாகபூஷணம் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்கள் வாஷிங் மெஷின் வாங்கப் போவது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருமகளுக்காக இவ்வளவு யோசிக்கிற மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று என் வீட்டுக்காரி லட்சுமம்மா சொன்னாள். யமுனா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த மெஷின் தறிதான். ஆனாலும் திருத்தணிக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் கேட்டார்: "வீடு எந்த ஊர்ல கீது?" திருப்பதி என்றேன். "அப்ப ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாணாங்க. கொழாயில தண்ணி வர்ற அன்னிக்குத்தான் அது வேல செய்யும். மத்த நாள்ல அதுவும் உங்கள மாதிரி கொழாயப் பார்த்துக்கினு நிக்கும்" என்றார்.

ஆகவே செமி ஆட்டோமேட்டிக் நல்லது. பக்கெட்டில் மொண்டு ஊற்றலாம். அதிலேயே சின்ன சைஸ் இருக்கிறது. உடம்பு பிளாஸ்டிக்கில் வேண்டாம், தகடாக இருக்கட்டும். அடியில் எலி புகாமல் வலை அடித்துக்கொள்ளுங்கள். எங்கள் தறி மோட்டார் ஒயரையே தின்றுவிட்டுப் போகிற எலிகள், வாஷிங் மெஷினையா விடும்.

பிரித்திகாவுக்குத் தறிச் சத்தம் பிடிக்கவில்லை. இரண்டு தறியும் ஓடினால் அழுகிறாள், கரண்ட் போனால் தூங்குகிறாள். எங்களுக்கு நேர் எதிர். தறி நின்றால் தூக்கம் கலைந்துவிடும்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் அழைத்துப் போவது வழக்கம். எப்போது வருகிறீர்கள் என்று எழுதவும்.

நாகபூஷணம்


சித்தூர்
22.9.1996

அன்புள்ள சம்பந்திக்கு,

தங்கள் விரிவான கடிதம் கிடைத்தது. தகடு, எலி ஆகியவை பற்றிய குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால் மெஷினை வாங்குவது யார் என்பது பற்றி என் கடிதத்தில் எதுவும் இல்லை. தாங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அப்படி வந்ததில் தவறில்லை. வேறு முடிவுக்கும் வந்திருக்கலாம் என்று சொல்லவருகிறேன்.

சாய்குமார் வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு குடும்பம். அவர்கள் மருமகள் பிரசவம் முடிந்து திரும்பி வந்தபோது கூடவே ஒரு மெஷினும் வந்தது. யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் தாமாகவே அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டம்மா ஜெயம்மா இதைப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, அவங்களும் மனுசங்கதானே? மனசு இருக்கறவங்களுக்கு நாம வாய் தொறக்கணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு வாசிப்புக் குறைவு. என் உரையை இரண்டு முறை கொடுத்தும் படிக்கவில்லை. நான் அவளைக் கண்டித்தேன். இருந்தாலும் அவள் சொன்னதைத் தங்களிடம் மறைப்பது நேர்மையாகாது என்பதால் எழுதுகிறேன்.

சாய்குமாருக்குக் குளிர்பானக் கம்பெனியில் ஏரியா எக்சிகியூட்டிவ் என்று பதவி உயர்வு. பதவிக்கு ஏற்ற சம்பளம் பின்னால் வரும் என்கிறார்கள்.

யமுனாவை அழைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரட்டாசியில் அழைப்பது எங்கள் வழக்கமில்லை. ஐப்பசியில் அடைமழை, துணி காயாது. காயாத துணியோடு ஒரு பச்சைக் குழந்தையை அந்த வீட்டில் வைத்திருக்க முடியுமா? பிறகு பார்க்கலாம்.

தங்கள் அன்புள்ள,
சி. தாமோதரன்
கண்காணிப்பாளர் (ஓய்வு)


நகரி
16.10.1996

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மேல் மாடிக் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். அப்படி ஒரு வீட்டுக்குக் கீழே குடியிருப்பது தங்களைப் போன்றவரின் மகனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும். தங்கள் உரையைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடியும் படித்தேன். "கேட்டுப் பெறுவது பிச்சை, கேட்காததுபோல் கேட்டுப் பெறுவது களவு" என்று பேசியிருக்கிறீர்கள். யமுனாவுக்கும் படித்துக் காட்டினேன். "இன்னொரு தபா படி நைனா" என்றாள். படித்தேன்.

துணி காயாதே என்று கவலைப்பட வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக்கில் பக்கத்துத் தொட்டி சுற்றுகிற சுற்றில் முக்கால்வாசி காய்ந்துவிடுமாம். ஆகையால் மழைக்கு முன்பே தாங்கள் வாங்கிவிடுவது நல்லது. தவணைக்கும் தருகிறார்கள். அரசாங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் கையெழுத்து மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னார்.

மெஷின் தாமதமானாலும் பரவாயில்லை என்கிறாள் யமுனா. "நான் கையாலயே தோச்சிக்கிறேன், வந்து இட்டுக்கினு போவச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். மாப்பிள்ளை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறார். குழந்தையைக் கேட்கிறார், கம்பெனியில் புதிதாக வந்த பாட்டிலைப் பற்றிச் சொல்கிறார். அழைக்க வருவது பற்றி எங்கள் நைனாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

எதிர்வீட்டு மணியம்மா தினமும் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகும்போது ஒரு கேள்வி கேட்கிறாள். நேற்று, "இன்னாம்மா யமுனா, உங்க ஊட்டுக்காரரு வேற ஊருக்கு மாத்திக்கினு பூட்டாரா?" என்றாள். கேட்கிறவளுக்கு அது விளையாட்டு.

ஒரு நாள் குறித்து எழுதவும்.

நாகபூஷணம்


சித்தூர்
17.11.1996

அன்புள்ள சம்பந்திக்கு,

சுற்றி வளைப்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு தகப்பன் தன் மகள் கை நோகக் கூடாது என்று நினைத்து எதையாவது அனுப்பினால் அது வரதட்சணை ஆகாது. சட்டத்திலும் ஆகாது என்று என் உரைக்காகத் திரட்டிய குறிப்புகளில் பார்த்தேன். அதைப் பெறுகிறவர் கேட்டவரும் ஆகமாட்டார். இவ்வளவுதான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிவருவது. இதற்கு மேல் சொல்ல என் கொள்கை இடம் தராது.

சின்ன சைஸ் போதும். தகடு உத்தமம்.

தை பிறந்ததும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஜெயம்மா சொல்கிறாள். அது தங்களைப் பொறுத்தது.

இக்கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும்.

தாமோதரன்


நகரி
20.12.1996

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கிழிக்கச் சொல்லியிருந்தீர்கள். கிழித்துவிட்டேன். அதற்குள் யமுனா படித்துவிட்டாள்.

மெஷின் வாங்கியாயிற்று. சின்ன சைஸ், தகட்டு உடம்பு, வெள்ளை நிறம். அகலம் தாங்கள் சொன்ன இரண்டடிக்குள் அடங்கும். தை மாதம் யமுனாவை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். பெண்ணோடு பொருள் வருகிறபோது எங்கள் ஊரில் எப்படிச் செய்வோமோ, அப்படியே செய்து எடுத்து வருகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். தங்கள் முதல் கடிதமே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன்போல் எழுதினேன். தாங்கள் சொன்ன சொல்லைத் தங்கள் முன்னாலேயே வைத்தால், தாங்களே வெட்கப்பட்டு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் எழுதி முடித்ததும் நானே ஒரு தடவை படித்துச் சிரித்துக்கொள்வேன். லட்சுமம்மாவுக்கும் படித்துக் காட்டுவேன். அந்த நாளெல்லாம் மணியம்மாவுக்குப் பதில் சொன்னது நான் இல்லை, யமுனா. போன வாரம் அவள் கேட்டாள்: "நீயும் அவரும் லெட்டர் எழுதி வெளையாடிக்கினு கீறீங்க. நடுவுல நான் இன்னாத்துக்கு நைனா இங்க குந்திக்கினு கீறேன்?" அன்றைக்கே திருத்தணிக்குப் போனேன்.

பிரித்திகா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். வீட்டில் சத்தம் பாதிதான்.

நாகபூஷணம்


திருப்பதி
9.2.1997

அன்புள்ள சம்பந்திக்கு,

தாங்கள் எல்லோரும் ஊர் திரும்பி இரண்டு வாரமாகிறது. நாங்கள் குழந்தையோடு இருக்க இங்கேயே தங்கிவிட்டோம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே இவ்வளவு நாள் ஓடிவிட்டது.

மெஷின் ஒரு மினி லாரியில் வந்து சத்தமில்லாமல் இறங்கும் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் பூசி, மாலை போட்டு, முன்னால் மேளம், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள் என்று வரும் என எதிர்பார்க்கவில்லை. வாசலில் வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏ தேவுடு சாமி?" என்று என்னைக் கேட்டான். எந்தச் சாமி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அது குளியலறைக்குள் போகாத கதை தங்களுக்குத் தெரியும். நான் அளந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று அளந்தேன். திறந்தால் கதவு அந்த இரண்டடியில்தான் வந்து நிற்கிறது. ஆகவே மெஷின் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். இரண்டாவதாகப் படுவது அதன் முன்தகட்டில் தாங்கள் வெட்டிக்கொடுத்திருக்கும் எழுத்து.

தங்கள் ஊரில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள் என்று தாங்கள் விளக்கினீர்கள். எங்கள் வீட்டுக் குடங்களிலும் உண்டு. ஆனால் குடத்தில் "அன்பளிப்பு" என்று இருக்கும். இதில் இருப்பது இது:

"நகரி நாகபூஷணம் - லட்சுமம்மா. மகள் யமுனாவின் மாமனார் கேட்டுக்கொண்டபடி கொடுத்தது. தை 1997."

கீழே அதுவே தெலுங்கில்.

அன்றைய விருந்துக்குச் சித்தூரிலிருந்து வந்திருந்த எங்கள் வாசகர் வட்டத் தலைவர் வெங்கடரமணன் எதையும் உரக்கப் படிக்கிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதையும் உரக்கப் படித்தார். என் உரைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. படித்துவிட்டு, "தெளிவான தமிழ்" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

பால்பவுடர் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை மேலே ஒட்டினேன். ஈரத்தில் உரிந்துவிட்டது. ஜெயம்மா ஒரு போர்வையால் மூடினாள். மூடியிருக்கிறதே என்று வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கிறார்கள். என் பெயர் அதில் இல்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இன்னொன்று. யமுனா அந்த மெஷினைத் தொடுவதில்லை. குளியலறையில் குந்திக்கொண்டு கையால் துவைக்கிறாள். கேட்டால், பழக்கமாகிவிட்டது மாமா என்கிறாள்.

அந்த வாசகம் யாருடையது? இதை மட்டும் தெரிவிக்கவும்.

தாமோதரன்


நகரி
2.3.1997

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வாசகம் யமுனாவுடையது.

பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற முனியப்பனைக் கூப்பிட்டு வந்தேன். வாஷிங் மெஷினில் அவன் இதுவரை வெட்டியதில்லை. சந்தோஷமாக வந்தான். "அன்பளிப்புன்னு போட்டுறட்டா?" என்று கேட்டான். போடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

யமுனா, "அன்பளிப்புன்னா நம்மளா குடுக்கறதுண்ணா. இத்த அவங்க கேட்டாங்க. கேட்டுக்கொண்டபடின்னு போடு. மருவாதியாவும் இருக்கும்" என்றாள்.

முனியப்பன் என்னைப் பார்த்தான். "நைனா இன்னா சொல்றாரு?"

முனியப்பனின் பையில் இருந்த உளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி எழுதியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. அவனே புரிந்துகொண்டு வெட்ட ஆரம்பித்தான். பாதியில் யமுனா, "அந்த ஊர்ல அக்கம்பக்கம் எல்லாம் தெலுங்குக்காரங்க. கீழ தெலுங்குலயும் போட்டுடுண்ணா" என்றாள்.

தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான். முனியப்பன் பெயர் கேட்டபோது, "பெரியவரு பேரெல்லாம் அதுல வாணாம்" என்றாள்.

அழிக்க முடியாது. அழிக்கப் போனால் தகடு ஓட்டையாகிவிடும். வேறு ஏதாவது சேர்த்து வெட்ட வேண்டுமானால் வெட்டலாம், கீழே இடம் இருக்கிறது. என்ன போடுவது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாகபூஷணம்


திருப்பதி
18.5.1997

அன்புள்ள நாகபூஷணம் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது இருக்கிறது.

என் மகள் செல்விக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தடாவில் லாரிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ரங்கையாவின் மகன். மலைக்குப் போகிற வழியில் திருப்பதியிலேயே பெண்ணைப் பார்த்துவிடுகிறோம் என்றார்கள். அதனால் போன வாரம் இந்த வீட்டில் கூடினோம். ஜெயம்மா காலையிலேயே மெஷினைப் போர்வையால் மூடி, அதன்மேல் பூச்சாடி வைத்தாள்.

பிரித்திகா இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். வந்தவர்கள் உட்கார்ந்து செல்வியிடம் படிப்பு விசாரித்துக்கொண்டிருக்கும்போது, போர்வையின் நுனியைப் பிடித்து எழுந்தாள். பூச்சாடி உருண்டது. போர்வை அவளோடு வந்துவிட்டது.

ரங்கையா குழந்தையைத் தூக்க எழுந்தவர் அங்கேயே நின்றார். அவருக்குத் தெலுங்கு சரளம். விரலை வைத்துப் படித்தார். கோடைக்கு எழுத்தெல்லாம் துருவேறிச் சிவந்து, முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.

"இன்னாங்க இது? மாமனார் கேட்டாருன்னு மிஷினு மேலயே எழுதிக்கீது?"

"செகண்ட் ஹேண்டில் வாங்கியது" என்றேன். "யாரோ, எவரோ."

அவர் சிரித்தார். "சிக்கு லேதா அந்த ஆளுக்கு? பொண்ணக் குடுத்தவன்கிட்ட துணி தோய்க்கிற மிஷினு கேட்டுகிறான். வெக்கங்கெட்ட மனுசன்."

நான், "ஆமாங்க, வெட்கங்கெட்டவன்தான்" என்றேன்.

அவர் குழந்தையை என் மடியில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஜெயம்மா உள்ளே திரும்பி, "யமுனா, காபி ஆறுது பாரு, எடுத்துனு வா" என்று கூப்பிட்டாள்.

யமுனா தட்டோடு வந்தாள். அதற்கு முன்பே கதவருகில் நின்றிருந்தாள் என்று நினைக்கிறேன். ரங்கையா அவளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவள் எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு மட்டும் தம்ளரைக் கையில் தராமல், என் பக்கத்தில் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். சாய்குமார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்னிடம் கற்றதெல்லாம் அதுதான்.

"காபி நல்லா கீது" என்றார் ரங்கையா.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஆனால் பெரியவரிடம் நேரில் ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு சொல்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார். என்ன கேட்பார் என்பது எனக்கும் தெரியும், செல்விக்கும் தெரியும். இரண்டு நாளாக அவள் என் எதிரில் வருவதில்லை.

நேற்று இங்கே காந்தி ரோட்டில் பெயர் வெட்டுகிற ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மெஷினைப் பார்த்துவிட்டு, "பேரு போடணுமா சார்? குடுத்தவங்க பேரா, வாங்கினவங்க பேரா?" என்றார்.

"கொடுத்தவர்கள் பெயர் இருக்கிறது" என்றேன். "கேட்டவன் பெயரைப் போட வேண்டும்."

கீழே இருந்த இடத்தில் "சித்தூர் சி. தாமோதரன்" என்று வெட்டினார். கண்காணிப்பாளர் என்று போடவில்லை. இடமிருந்தது. தெலுங்கிலும் வெட்டச் சொன்னேன். வேலை முடிந்ததும் யமுனா வந்து பார்த்தாள். கீழே உதிர்ந்திருந்த தகட்டுத் தூள் குழந்தையின் காலில் குத்திவிடும் என்று ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். அவள் இன்னமும் கையால்தான் துவைக்கிறாள். என் வேட்டியை மட்டும் நான் மெஷினில் போட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் இரண்டு தறியில் ஒன்று போய்ச் சத்தம் பாதியானது எதனால் என்பதை நான் அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே அறிவேன். அறிந்துகொண்டுதான் விருந்துக்கு இலை எண்ணினேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை மூட வேண்டாம் என்று ஜெயம்மாவிடம் சொல்லிவிட்டேன். ரங்கையா கேட்கும்போது வாயால் சொல்லும் தைரியம் எனக்கு வராது. அவருக்குப் படிக்கத் தெரியும்.

தாமோதரன்